எல்டர்பெர்ரி வேண்டாம், களா போதும்: வடசென்னை வீட்டுக்கு ஒரு முள்செடி

ஆறு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் பணம் கட்டி இரண்டு எல்டர்பெர்ரிக் குச்சிகளை வரவழைத்தேன். ஈரத்துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தன. தை மாதத்தில் துளிர்த்தன. மாசியில் ஆளுக்கு நான்கு இலை. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் இரண்டும் கருகிக் கம்பியாகிவிட்டன. விற்றவரிடம் கேட்டதற்கு "நிழலில் வைத்தீர்களா?" என்று பதில் வந்தது. வைத்திருந்தேன். நிழலும் சேர்ந்து வெந்துகொண்டிருந்ததை அவருக்கு எப்படி விளக்குவது?

குற்றம் செடியுடையது அன்று. எல்டர்பெர்ரி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் தானாக வளரும் புதர். அதன் வேர் ஆழம் போகாது. எப்போதும் ஈரம் கேட்கும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழுந்த பிறகுதான் ஒழுங்காகப் பூக்கும். மே மாத நள்ளிரவிலும் புழுக்கம் விடாத நம் ஊரில் அது எங்கே போய் உறங்கும்? போதாததற்கு அதன் இலை, தண்டு, பழுக்காத காய் எல்லாவற்றிலும் சயனைடை வெளியிடும் பொருள்கள் இருக்கின்றன. பழத்தைக்கூட வேகவைத்துத்தான் உண்ண வேண்டும். 1983இல் கலிபோர்னியாவில் இலையும் தண்டும் சேர்த்து நசுக்கிய பச்சைச் சாற்றைக் குடித்த ஒரு கூட்டத்தார் வாந்தியும் மயக்கமுமாக விழுந்தார்கள். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

சரி, அந்தச் செடியிடம் நான் எதிர்பார்த்தது என்ன? மணக்கும் வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாய்க் கருத்த பழம், கொஞ்சம் புளிப்பாய்ச் சர்பத்துக்கு ஒரு சாறு, வேலிக்கு ஒரு புதர். இவை நான்கையும் தருகிற செடி நம்மிடமே இருக்கிறது. உப்புக்காற்று, உப்புத்தண்ணீர், வெயில், கவனக்குறைவு அனைத்தையும் தாங்கும். பெயர் களா. எதிர்வீட்டுத் தெலுங்கு அக்கா என் கன்றைப் பார்த்தவுடனே "வாக்காயா? இதைப் போய் யாராவது வீட்டில் வளர்ப்பார்களா, எங்கள் ஊரில் காட்டில் கிடக்கும்" என்றார். இன்று முதல் பறிப்பில் பாதி அவருக்குத்தான் போகிறது.

எந்தச் செடி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தாவரவியலில் இதற்குக் காரிஸா கரண்டாஸ் என்று பெயர். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். கிள்ளினால் பால் வடிவது அதனால்தான். விட்டால் பத்தடி உயரம் போகும். வெட்டி வைத்தால் நெஞ்சளவில் நிற்கும். இலை தடித்துப் பளபளக்கும். மல்லிகையைப் போன்ற சிறு வெள்ளைப் பூக்கள் கிளை நுனியில் கொத்தாக வரும். காய் பச்சையாகவோ இளஞ்சிவப்பு பூசிய வெள்ளையாகவோ தொடங்கி, செந்நிறமாகி, கடைசியில் கருநீலமாகப் பழுக்கும். கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கிற சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் விதை நீக்கிச் சாயமும் சர்க்கரையும் ஏற்றிய களாக்காய்தான். நாம் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் இதைத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

தமிழுக்கும் இது பழைய செடி. களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று ஒரு சேர மன்னனுக்கே இதனால் பெயர் அமைந்திருக்கிறது. களாவையும் நாரையும் தலையில் சூடியவன். முள்ளை எடுத்துவிட்டுத்தான் சூடியிருப்பான் என்று நம்புகிறேன்.

ஏனென்றால் முள் விளையாட்டில்லை. இணை இணையாக நிற்கும், இரண்டு அங்குலம் வரை நீளும், செருப்பையும் துளைக்கும்.

இடம்

முதல் முடிவு இந்த முள்ளை வைத்துத்தான். பிள்ளைகள் பந்து விளையாடும் சந்து, துணி காயும் கொடி, கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு ஆள் திரும்பும் மூலை, இவை மூன்றும் வேண்டாம். சுற்றுச்சுவரை ஒட்டி, வழியிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். பூனையும் திருடனும் ஏறுகிற சுவராக இருந்தால் இன்னும் நல்லது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் செடி வளரும், காய்க்காது.

மண்தரை இல்லாத வீடுதான் எங்கள் பக்கத்தில் அதிகம். மொட்டை மாடியிலும் வளர்க்கலாம். 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் ட்ரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்தால் இரண்டு தொட்டிகள் கிடைக்கும். அடியில் விரல் நுழையும் அளவுக்கு எட்டுப் பத்துத் துளைகள் போடுங்கள். ரசாயனம் வந்த ட்ரம் வேண்டாம். உணவுப் பொருள் வந்த ட்ரம்மாகக் கேட்டு வாங்குங்கள். நனைந்த மண்ணோடு ஒரு தொட்டி 150 கிலோவைத் தாண்டும் என்பதை மறக்கக் கூடாது. தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் ஓரத்தில், செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் வைக்கவே வேண்டாம் என்பேன்.

மண்: வடசென்னையில் இதுதான் பெரிய கதை

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரம் மணல்தான். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. களாவுக்கு இது பிடித்த மண்; எருவை மட்டும் தாராளமாகக் கலக்க வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் பக்கம் வேறு கதை. தாழ்வான இடம், இறுகிய மண், மழை வந்தால் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீர். களா வறட்சியை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வெறுப்பது தேங்கிய தண்ணீரை. அங்கே குழி தோண்டாதீர்கள். மேடு போடுங்கள். ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலம், சுற்றிலும் உடைகல் அணை.

இதை நான் கற்றது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு களாக்கள் வைத்திருந்தேன். ஒன்று மேட்டில், மற்றது சோம்பேறித்தனத்தால் சமதரையில். மூன்று நாள் தண்ணீர் நின்றது. மேட்டுச்செடி ஒன்றும் நடக்காதது போல நின்றது. மற்றது பொங்கலுக்குள் இலை மஞ்சளாகி, வேர் அழுகி, தொட்டவுடன் சாய்ந்தது.

அதே புயலில் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். அப்படி எண்ணெய் படிந்த மண்ணிலோ, தொழிற்சாலைக் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்திலோ, குப்பைமேட்டை ஒட்டிய இடத்திலோ உண்ணும் செடி எதையும் நேராக நட வேண்டாம். தொட்டியில் வையுங்கள், மண்ணை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். செங்குன்றம் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். எனக்கு ஒரு மீன்பாடி வண்டி நிறைய வந்தது. வாசனை போக இரண்டு மழை ஆனது, அவ்வளவுதான்.

தொட்டிக்கு என் அளவு: செம்மண் நான்கு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு மூன்று பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மேலே இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. எம்-சாண்ட் என்றால் ஒருமுறை அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் தூள் சிமெண்ட் போல இறுகும். தரைக்கு இரண்டடி ஆழ அகலக் குழி, பத்துக் கிலோ எரு, கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு. நம் வீடுகளின் பின்புறம் தோண்டினால் முக்கால்வாசி செங்கல் சல்லியும் சுண்ணாம்புக் காரையும் டைல்ஸ் துண்டும்தான் வரும். பெரிய துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். மீதிக் காரையைப் பற்றி இந்தச் செடி கவலைப்படாது. சுண்ணாம்பும் உப்பும் கொஞ்சம் தூக்கலான மண்ணிலும் வளரும்.

கன்று

மூன்று வழிகள் உண்டு. விலைக்கு வாங்குவது, விதை போடுவது, பதியன் போடுவது.

வாங்குவதென்றால் மாதவரம் பக்கத்து நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். தெருவில் வரும் செடி வண்டிக்காரரிடமும் சொல்லி வைக்கலாம். நம் ஊருக்கு வரும் கன்றுகளில் நிறைய ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து வருகின்றன, அங்கே 'வாக்காய்' என்றால்தான் புரியும். பந்த்நகரில் உருவான பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, கொங்கண் பகுதியின் கொங்கண் போல்டு என்று பெயர் பெற்ற ரகங்கள் இருக்கின்றன. கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். நாட்டுக் களாவே ஊறுகாய்க்குக் குறைவில்லை.

ஒரு எச்சரிக்கை. அழகுச்செடியாக விற்கும் ஒன்றை அடிக்கடி களா என்று தருகிறார்கள். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிளம். உருண்டை இலை, கவட்டை போல இரண்டாகப் பிரியும் முள், பெரிய நட்சத்திரப் பூ தனித்தனியாக. நன்கு சிவந்து பழுத்த பழத்தை உண்ணலாம், ஆனால் நம் ஊறுகாய்க் காய் அது அன்று. பெயர் தெரியாத பால்செடியை எந்தக் காரணத்துக்காகவும் உண்ணும் செடியாக வாங்காதீர்கள். இதே குடும்பத்து மஞ்சள் அரளிக் காய் உயிரைக் குடிக்கும். காயோ பூவோ இருக்கிற கன்றாகப் பார்த்து வாங்குவது நல்லது.

விதை என்றால் கருத்துப் பழுத்த பழத்திலிருந்து எடுத்துக் கழுவி, நிழலில் ஒருநாள் உலர்த்தி உடனே போட வேண்டும். டப்பாவில் சேமித்து வைத்தால் முளைப்புத் திறன் விரைவில் போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், அதுவும் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது விண்பதியன். பென்சில் பருமனுக்குச் சற்று மேலான கிளையில், ஆடி ஆவணி ஈரத்தில், ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுங்கள். பால் வடியும், துடைத்துவிட்டு ஒருநாள் காயவிடுங்கள். பிழிந்த நார்க்கழிவை எலுமிச்சை அளவு உருட்டி அந்த இடத்தைப் பொதிந்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரண்டு முனையும் இறுகக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். தெரிந்த பிறகே வெட்ட வேண்டும். குச்சி வெட்டி ஊன்றுவதும் உண்டு, நான் ஊன்றிய பத்தில் ஒன்று பிழைத்தது.

நடவும் முதல் ஆண்டும்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடி ஆவணியில் மாலை மழை கொஞ்சம் கிடைக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தவறினால் பொங்கல் கழித்து நடுங்கள். கார்த்திகையிலும் கத்திரியிலும் வேண்டாம். வேலிக்கு என்றால் மூன்றடிக்கு ஒன்று, காய்க்கு என்றால் ஆறேழு அடிக்கு ஒன்று. மண்பந்து உடையாமல் இறக்கி, மிதித்து இறுக்கி, ஒரு குடம் தண்ணீர் விட்டு, சுற்றிலும் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள்.

முதல் ஆண்டில் அடியிலிருந்து வரும் தண்டுகளில் வலுவான மூன்று நான்கை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். வேறு வெட்டு வேண்டாம்.

தண்ணீர்

தரைச்செடிக்கு முதல் கோடையில் வாரம் இருமுறை. அதன்பின் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். தொட்டிக்கு அப்படி இல்லை. சித்திரை வைகாசியில் தினமும் வேண்டும், காலையிலேயே.

சிக்கல் எந்தத் தண்ணீர் என்பதில்தான். மீஞ்சூர் தொடங்கி வடக்கே நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பழைய செய்தி. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. களா இந்த உப்பை ஓரளவு பொறுக்கும். தரையில் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். தொட்டியிலோ தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கும் இலை நுனியில் கருகலும் தெரிந்தால் அதுதான். பொருக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீர் இரண்டு மூன்று குடம் தொடர்ந்து ஊற்றி, துளை வழியே வடியவிடுங்கள். லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் பிடிக்கும் வீட்டில் இப்படிச் சொல்வது கொழுப்பாகத் தோன்றலாம். அதனால் நான் இதை மழை நாளில் செய்கிறேன். மாடித் தண்ணீர்க் குழாயின் வாயைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றலாம், உப்புப் போட்டுக் கழுவிய மீன் தண்ணீர் கூடாது.

தை பிறந்ததும் இரண்டு மூன்று வாரம் தண்ணீரைக் குறைத்து இலை லேசாகத் துவள விடுகிறேன். மாசியில் எரு வைத்து மறுபடி தண்ணீர் கட்டினால் மொட்டு வருகிறது. பங்குனி காலையில் மாடிக்கு ஏறினால் எண்ணூர்ப் பக்கத்துக் காற்றையும் மீறி அந்தப் பூ மணக்கும்.

அந்தக் காற்று கொண்டுவரும் நிலக்கரித் தூசும் சாம்பலும் இலையில் படியும். வாரம் ஒருமுறை இலையை நனைத்துக் கழுவுங்கள். காயைச் சமைக்குமுன் மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

வெட்டு, பூச்சி

பூ புதுக்கிளையின் நுனியில் வருகிறது. எனவே தை மாசியில் அழகுபார்த்து நுனி வெட்டினால் அந்த ஆண்டுக் காய் போயிற்று. பறிப்பு முடிந்த ஆவணியில், உள்பக்கம் பின்னிக்கொண்ட கிளைகளையும் காய்ந்தவற்றையும் எடுத்துவிடுங்கள். தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, அதுவும் பழைய சட்டை. பால் பட்ட கறை போகாது. வெட்டிய முள்கிளையைத் தெருத் தொட்டியில் வெறுமனே போடாமல் சாக்கில் கட்டிச் சொல்லிக் கொடுங்கள். குப்பை அள்ளுகிறவரின் கை அது.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. அரளியைத் தின்னும் தடித்த பச்சைப் புழு எப்போதாவது வரும், கையால் எடுக்கலாம். கொண்டைக்குருவியோடு சண்டை போட நான் முயலவில்லை. மேல் கிளைப் பழம் அவற்றுக்கு, கீழே எனக்கு.

பறிப்பு

மூன்றாம் ஆண்டு எனக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி. ஐந்தாம் ஆண்டு நான்கு கிலோ. ஊறுகாய்க்கும் பருப்புக்கும் வைகாசி ஆனியில், காய் முற்றி இன்னும் கெட்டியாக இருக்கும்போது பறிக்க வேண்டும். சாற்றுக்கு ஆடியில், கருத்து, தொட்டால் மெத்தென்று அமுங்கும்போது. ஒரே நாளில் எல்லாம் பழுக்காது, மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கும். பறிக்குமுன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், காம்பிலிருந்து வரும் பால் பிசின் ஒட்டாது.

அடுப்படியில்

ஊறுகாய். ஒரு கிலோ காயைக் கழுவி, இரண்டாகக் கீறி விதையை எடுத்து, நீர்மோரில் ஒரு மணி நேரம் போடுங்கள். பிசினும் துவர்ப்பும் குறையும். வடித்துத் துடைத்து அரைநாள் வெயில் காட்டுங்கள். 150 கிராம் கல்லுப்பு, இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளோடு ஜாடியில் மூன்று நாள், தினமும் குலுக்கி. நான்காம் நாள் 100 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, கடுகுப்பொடி இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். 300 மில்லி நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகும் பெருங்காயமும் தாளித்து, முழுக்க ஆறியபின் ஊற்றுங்கள். ஒரு வாரம் பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் பொறுப்பதில்லை.

பருப்பு எதிர்வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தது. ஒரு கப் துவரம்பருப்புக்குப் பதினைந்து காய், ஐந்து பச்சை மிளகாய், ஒரு வெங்காயம். காயைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் போடாதீர்கள், புளிப்பு பருப்பை வேகவிடாது. தனியே வேகவைத்து மசித்து, வெந்த பருப்பில் கலந்து கொதிக்கவிட்டு, நெய்யில் பூண்டும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளியுங்கள். புளி வேண்டாம். நெத்திலிக் குழம்பில் மாங்காய்க்குப் பதிலாகவும் இந்தக் காயைப் போட்டுப் பார்த்தேன். மாங்காய் கிடைக்கும் காலத்தில் மாங்காய்தான் மேல் என்பது என் தீர்ப்பு.

இனி சாறு. எல்டர்பெர்ரிக்காக நான் வாங்கி வைத்த கண்ணாடிப் பாட்டில்கள் கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டன. கருத்த பழம் ஒரு கிலோவை எவர்சில்வர் பாத்திரத்தில் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்கவையுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். கொதிக்கும்போது பால் திரண்டு பிசினாக மேலே வரும். கெட்டுவிட்டதோ என்று பயப்படாமல் வழித்து எறியுங்கள். மசித்து வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். பிழிந்தால் கலங்கும், தானாகச் சொட்டினால் ஆறிய பின் கண்ணாடி போலத் தெளிந்த சிவப்புச் சாறு கிடைக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, சுடுநீரில் கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு கரண்டிக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. இது இருமலைப் போக்கும், காய்ச்சலை விரட்டும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வெயிலில் வந்தவருக்குக் கொடுத்தால் இரண்டாவது டம்ளர் கேட்பார்.

ஜெல்லி வேண்டுமென்றால் பழத்தில் கால் பங்கு சிவந்த அரைப்பழமாகப் பார்த்துச் சேருங்கள். உறையவைக்கும் பெக்டின் அதில்தான் அதிகம். லிட்டருக்கு முக்கால் கிலோ சர்க்கரை. கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் இரண்டு சொட்டு சேர்ந்து தகடாக இறங்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பாத்திரத்தின் உள்சுற்றில் பிசின் ஒரு வளையமாக ஒட்டியிருக்கும். நாரும் சபீனாவும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்துத் தோற்ற பிறகு எனக்குத் தெரிந்தது, சமையல் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடும்.

பழத்தை அடுப்பில் ஏற்றுமுன் பெரிதாய்ப் பார்த்துப் பத்துப் பழங்களைத் தனியே எடுத்து வைக்க மறக்காதீர்கள். வெந்த விதை முளைக்காது. எடுத்த விதையை அன்றோ மறுநாளோ போட்டுவிடுங்கள். இப்போது என் மாடிப்படியில் பால் பாக்கெட்டுகளில் ஏழு கன்றுகள் நிற்கின்றன, அவற்றில் மூன்றுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாகிவிட்டது.